பண்ணை வீட்டுக் காரும் கட்சிக்காரர் காரும்

அப்பா காய்ந்த வாய்க்காலில் இறங்கும்போது கால் மடங்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்ட வருஷம், காவிரியில் தண்ணீர் வரவில்லை. குறுவை போய்விட்டது, சம்பாவும் போய்விடும் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் தகடு வைத்துத் தைத்து அனுப்பினார்கள். அதோடு முடியவில்லை. காலுக்குப் பயிற்சி கொடுக்க வாராவாரம் கூட்டிவரச் சொன்னார்கள். அது போக, எங்கள் நிலத்து வழக்கின் வாய்தாவுக்கும் அவர் தஞ்சாவூர் போயாக வேண்டும்.

பூதலூரிலிருந்து உள்ளே தள்ளியிருக்கிறது எங்கள் ஊர். அங்கே வரும் டவுன் பஸ்ஸின் முதல் படி என் முழங்காலுக்கு மேல் இருக்கும். நானும் என் கணவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அப்பாவைத் தூக்கி ஏற்றுவோம். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடி எங்களையே பார்த்துக்கொண்டிருப்பார். "பெரியவர ஏன் இப்புடிப் போட்டு வாட்டுறீங்க, ஒரு காரு கீரு வச்சுக் கூட்டிட்டுப் போவக் கூடாதா?" என்று உள்ளேயிருந்து யாராவது கேட்பார்கள். கேட்டவர் எழுந்து இடம் கொடுத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

வாடகைக் காரும் வைத்துப் பார்த்தோம். காலை எட்டு மணிக்குச் சொன்னால் டிரைவர் பத்து மணிக்கு வருவார். ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் நேரத்துக்கெல்லாம் வெயிட்டிங் சார்ஜ் கேட்பார். முகூர்த்த நாளில் வாய்தா வந்தால் வண்டியே கிடையாது. நான் பக்கத்து ஊர் அரசுப் பள்ளியில் ஆசிரியை. கார் ஓட்டவும் கற்றிருந்தேன். சேமநல நிதியில் கடன் எடுத்து ஒரு பழைய கார் வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தேன். அன்றோடு என் நிம்மதி போயிற்று.

முதலில் வந்தது அறிவுரை. பெட்ரோல் வண்டிதான் தொந்தரவு தராது என்றார் தலைமையாசிரியர். டீசல் வாங்காவிட்டால் சம்பளம் முழுக்க பங்க்குக்குத்தான் போகும் என்றார் பள்ளிக்கு முட்டை கொண்டுவருபவர். மின்வாரிய அலுவலகத்தில் வேலை பார்க்கும் என் கணவருக்கு எதையும் நாலு பேரைக் கேட்டுச் செய்ய வேண்டும். அலுவலகத்தில் ஒருவர் விடாமல் கேட்டு, தினமும் சாயங்காலம் புதிதாக ஒரு பயத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தார். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியைக் கழுவி விற்பார்கள். மீட்டரைத் திருப்பி வைப்பார்கள். மோதிய வண்டிக்கு டிங்கரிங் பண்ணிப் பெயிண்ட் அடிப்பார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் பிறகு எந்த வண்டியைத்தான் வாங்குவது என்று கேட்டால், "அத நீதான் பாக்கணும், கடன் ஒம் பேருலதான?" என்பார்.

எனக்கு இருந்த கவலை வேறு. வாங்குகிற விலை ஒரு நாள் வலி. அதற்குப் பிறகு மாதாமாதம் அந்த வண்டி என்ன கேட்கும், கேட்டால் என்னால் கொடுக்க முடியுமா என்பதைத்தான் யாரும் சொல்லவில்லை.

தஞ்சாவூரில் பழைய வண்டி விற்றுக் கொடுக்கும் புரோக்கர் ஒருவர், புளியமரத்தடியில் ஏழெட்டுக் கார்களை நிறுத்தி வைத்திருந்தார். தண்ணீர் வராத வருஷம், நிறையப் பேர் வண்டியை விற்கிறார்கள், இப்போது வாங்கினால் லாபம் என்று ஆரம்பித்தார். வண்டி எனக்கு என்று நான் சொன்ன பிறகும் என் கணவரைப் பார்த்தே பேசினார்.

"சார், இந்த வெள்ள டீசல பாருங்க. நம்ம கட்சிக்காரரு ஒருத்தர் வச்சிருந்தது. ராசியான வண்டி. இத வாங்குன அப்பறந்தான் அவருக்குப் பதவியே வந்துச்சு."

"பதவி வந்தவர் எதுக்கு விக்கிறார்?" என்று நான் கேட்டேன்.

"பதவிக்கு ஏத்த மாதிரி பெரிய வண்டி எடுத்துட்டாரு சார்," என்று என் கணவருக்குப் பதில் சொன்னார்.

அந்தக் காரின் பானெட்டில் கொடிக்கம்பியைக் கழற்றிய இடத்தில் இரண்டு ஓட்டைகள் இருந்தன. மெழுகு வைத்து அடைத்திருந்தார்கள். மீட்டர் மிகக் குறைவான ஓட்டத்தைக் காட்டியது. ஆனால் கிளட்ச் மிதியின் ரப்பர் வழவழவென்று தேய்ந்துபோயிருந்தது, ஸ்டியரிங்கில் கை பிடிக்கும் இடம் பளபளத்தது. மாநாடு, ஊர்வலம், தேர்தல், துக்கம், கல்யாணம் என்று அந்த வண்டி மாவட்டம் முழுக்க ஓடியிருக்க வேண்டும். இதை நான் சொன்னதும் புரோக்கர் முதல்முறையாக என் பக்கம் திரும்பி, "மீட்டர்ல என்னங்க இருக்கு, ஓட்டிப் பாருங்க" என்றார். என் கணவர் அதற்குள் பின் சீட்டில் உட்கார்ந்து, சீட்டு உறை நன்றாக இருப்பதாகச் சொன்னார்.

முன்பணம் கொடுத்து, மெக்கானிக்கிடம் காட்ட ஒரு நாள் அனுமதி வாங்கினேன். பூதலூர் ரயில் நிலையம் பக்கத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர் இன்ஜினை ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பார்த்தார். "லேசாப் புகை அடிக்குது. டீசல்னா அப்படித்தான் இருக்கும். இன்னும் அஞ்சு வருஷம் தைரியமா ஓட்டலாம் டீச்சர்" என்றார். அதே மூடியை அதே நாள் பிற்பகலில் தஞ்சாவூர் மெக்கானிக் திறந்து பார்த்து, "இன்ஜின் போற நெலமையில இருக்கு. ஆறு மாசத்துல கீழ எறக்கிப் பிரிச்சு வேல பாக்கணும். யாரு நல்லாருக்குன்னு சொன்னது?" என்றார். இருவருமே அவரவர் சொன்னதில் அவ்வளவு உறுதியாக இருந்தார்கள். யாரை நம்புவது? சொன்னது தவறானால் இருவருக்கும் நஷ்டமில்லை. ஆறு மாதத்தில் இறக்கினாலும் ஐந்து வருஷத்தில் இறக்கினாலும் இறக்கப்போவது அவர்களில் ஒருவர்தான்.

இப்படி நான் குழம்பிக்கொண்டிருந்தபோதுதான் பண்ணை வீட்டுக் கார் விலைக்கு வருவதாகப் பேச்சு வந்தது.

அந்தக் குடும்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் நஞ்சையில் பெரும்பகுதி ஒரு காலத்தில் அவர்களுடையது. எங்கள் தெருவில் எல்லோரும் அவர்கள் பண்ணையில் கூலிக்கு நின்றவர்கள். கூலி உயர்வு கேட்டுச் சங்கம் கொடி ஏற்றிய காலத்தில் அப்பா வாலிபர். அடி வாங்கினார், வேலையை விட்டு நிறுத்தப்பட்டார், இரண்டு முறை சிறைக்கும் போனார். பிறகு சட்டம் வந்து, பேச்சுவார்த்தை நடந்து, வாய்க்கால் ஓரத்தில் ஒன்றரை ஏக்கர் குத்தகைக்குக் கிடைத்தது. தாசில்தார் அலுவலகத்தில் குத்தகைதாரராக அவர் பெயர் பதிவானது. அந்த நிலத்தில் விளைந்ததை விற்றுத்தான் நான் படித்தேன். ஆட்சிகள் மாறிமாறி வந்தன, நிலம் அப்பாவிடமே இருந்தது. ரோட்டோரத்தில் மனை போட்டு விற்கும் காலம் வந்ததும், பண்ணை வீட்டுப் பெரியவர் இறந்த பிறகு அவர் மகன் எங்கள் மேல் வழக்குப் போட்டார். குத்தகை நெல் பாக்கி, ஆகவே வெளியேற வேண்டும் என்று வழக்கு. வருவாய் நீதிமன்றத்தில் அது வாய்தா வாய்தாவாக நடந்துகொண்டிருந்தது.

அந்த வீட்டுக் காரை அப்பா ஒத்துக்கொள்ள மாட்டார் என்று நினைத்துத்தான் அவரிடம் சொன்னேன். கட்டிலில் சாய்ந்திருந்தவர் முழங்கையை ஊன்றி நிமிர்ந்தார்.

"அத வாங்கு பாப்பா. வண்டி நல்லாத்தான் இருக்கும்."

"அவங்க வண்டியா?"

"அவங்க மாட்டையும் அப்புடித்தான் வச்சிருந்தாங்க. நேரத்துக்குத் தண்ணி, நேரத்துக்குத் தீனி, ஈ மொய்க்க வுட மாட்டாங்க. ஆளுங்களத்தான் அடிப்பாங்க."

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் என் கணவரும் போனோம். அந்த வீட்டின் முன்வாசல் வழியாக எங்கள் தெருவிலிருந்து யாரும் போய் நான் பார்த்ததில்லை. சின்னவர் என்று ஊரில் அழைக்கப்படும் மகனுக்கு ஐம்பது வயதிருக்கும். சென்னையில் தொழில், மாதத்துக்கு ஒருமுறை வருவார். "வாங்க டீச்சர், உக்காருங்க" என்று நாற்காலி போட்டார், காப்பி வந்தது. என்னால் குறை சொல்ல முடியவில்லை.

காரும் அப்படித்தான் இருந்தது. கொட்டகையில் மரப்பலகை மேல் நிறுத்தி உறை போட்டிருந்தார்கள். நாவல்பழ நிறம். ரேடியேட்டரைத் திறந்தால் தண்ணீர் தெளிவாக இருந்தது. கால்மிதிப் பாயை எடுத்துப் பார்த்தேன், அடித்தகட்டில் துரு இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றிய சீட்டெல்லாம் உள்ளே இருந்தது. நானே ஓட்டிப் பார்த்தேன். வாய்க்கால் கரை ரோட்டின் பள்ளங்களில் ஏறி இறங்கியபோதும் ஒரு சத்தம் இல்லை. பின் கதவு அகலமாகத் திறந்தது. சீட்டு உயரமும் சரியாக இருந்தது. அப்பா காலை மடக்காமல் அப்படியே திரும்பி உட்காரலாம்.

குறை ஒன்றுதான். அந்த மாடலைக் கம்பெனி நிறுத்திப் பல வருஷமாகிவிட்டது. ஏதாவது ஒரு பாகம் போனால் திருச்சியிலும் கிடைக்காது, சென்னையில் பழைய சாமான் கடைகளில் தேட வேண்டும் என்று சின்னவரே மறைக்காமல் சொன்னார். ஆக, கெட்டுப்போகாத வண்டி, கெட்டால் நின்றுபோகும். கட்சிக்காரர் வண்டியோ அடிக்கடி கெடும். ஆனால் தஞ்சாவூர், கும்பகோணம், பட்டுக்கோட்டை எங்கே நின்றாலும் தெருவுக்கு ஒரு கடையில் அதற்குச் சாமான் கிடைக்கும். நாங்கள் ஓட்டப்போவது வாரத்துக்கு ஒரு நாள். பத்திரமாக ஓட்டினால் பண்ணை வீட்டு வண்டியே போதும் என்று எனக்குப் பட்டது. அவர் சொன்ன விலையும் நான் பயந்ததைவிடக் குறைவு. என் கணவர் முகம் மலர்ந்து எழுந்தே விட்டார்.

"வெலைய இன்னும் கொறச்சுக்கூடக் குடுக்கலாம் டீச்சர்," என்றார் சின்னவர். "நமக்குள்ள எதுக்குக் கோர்ட்டு, கேஸு? அந்த வாய்க்கா ஓரத்து நெலத்த வுட்டுக் குடுத்துட்டதா ஒரு கையெழுத்து போட்டுட்டா, வண்டிய இன்னைக்கே ஓட்டிட்டுப் போங்க. காசே வேணாம்."

எனக்கு முதலில் புரியவில்லை. காப்பி டம்ளரைக் கீழே வைத்தேன்.

"நீங்க படிச்சவங்க, ஒங்களுக்குச் சொல்லத் தேவையில்ல. அவனுக்கும் வயசாயிடுச்சு. இனிமே வயல்ல எறங்கி என்ன பண்ணப் போறான்? ஒரு கார்ல ஒக்காந்து ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வரட்டும்."

எனக்கு 'நீங்க'. அப்பாவுக்கு 'அவன்'. சொன்னவரைவிட அப்பா இருபது வயது மூத்தவர். அவர் குரலில் கோபமே இல்லை, உதவி செய்கிற குரல்தான். அதுதான் என்னை அதிகம் எரிச்சல்படுத்தியது. துருவையும் புகையையும் ரப்பர் தேய்மானத்தையும் பார்த்துப் பார்த்துக் கண் பூத்தவள் நான். இப்படியொரு விலையைப் பார்க்கத் தவறிவிட்டேன்.

"அவர் இன்னும் உயிரோடதான் இருக்கார்," என்றேன். "அவர் நெலத்தப் பத்தி அவர்கிட்டதான் கேக்கணும். கார் வெலைய மட்டும் சொல்லுங்க."

"ரெண்டும் ஒண்ணுதான் டீச்சர்," என்றார் சின்னவர். "தனியா விக்கிறதா இல்ல."

திரும்பி வரும் வழியில் என் கணவர் பைக்கை ஓட்டியபடியே, "இந்த வருஷம் அதுல ஒரு மணி நெல்லு வெளையல. கேஸு எப்ப முடியும்னும் தெரியல. ஒரு பேச்சுக்குச் சொல்றேன், யோசிச்சுப் பாத்தா என்ன?" என்றார். நான் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, மீதித் தூரத்தை வெயிலில் நடந்தேன். அவர் பைக்கை மெதுவாக உருட்டியபடி பின்னாலேயே வந்தார்.

அப்பாவிடம் நடந்ததைச் சொன்னேன். 'அவன்' என்றதை மட்டும் விட்டுவிட்டேன். அவர் கத்துவார், சங்கத்து ஆட்களைக் கூப்பிடச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது, "வண்டி நல்லா இருந்துச்சா?" என்று.

"இருந்துச்சு."

"காலு நீட்ட எடம் இருந்துச்சா?"

"இருந்துச்சுப்பா."

கூரையைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார். பிறகு, "குடுத்துரலாமா பாப்பா?" என்றார்.

அந்த ஒரு கேள்வியில் எனக்கு எல்லாம் தெரிந்துபோயிற்று. பஸ் படியில் நாங்கள் தூக்கும்போதெல்லாம் அவருக்கு எவ்வளவு வலித்திருக்கிறது என்று அதுவரை எனக்குத் தெரியாது. முகத்தைச் சுளித்தது கூடக் கிடையாது. அடிக்கும் சிறைக்கும் அசையாதவரை ஒரு இரும்புப் படி இந்தக் கேள்வி கேட்க வைத்துவிட்டது. எனக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. "குடுக்க வேண்டாம்ப்பா, வேற வண்டி வாங்கியாச்சு" என்று பொய் சொன்னேன்.

மறுநாள் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டுப் புளியமரத்தடிக்குப் போனேன். என் கணவரைக் கூட்டிப் போகவில்லை. ஆகவே புரோக்கர் என்னிடம் பேசியே ஆக வேண்டியிருந்தது. ஆயில் மூடியைத் திறந்து புகையைக் காட்டினேன். இன்ஜின் இறக்க ஆகும் செலவைத் தஞ்சாவூர் மெக்கானிக்கிடம் கேட்டு வந்திருந்தேன். அதில் பாதியை விலையில் கழிக்கச் சொன்னேன். கட்சிக்காரரிடம் போனில் பேசுவதாகத் தள்ளிப்போய் நின்று, மாங்காய் வெட்டுகிற அம்மாவிடம் பேசிவிட்டுத் திரும்பினார். அதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சாயங்காலம் வரை இழுத்து, கேட்டதில் முக்கால்வாசி குறைத்துக்கொண்டார். நல்ல வண்டி என்று நினைத்து நான் அதை வாங்கவில்லை. எதெது கெடும், எங்கே சரிசெய்யலாம், ஏறத்தாழ எவ்வளவு ஆகும் என்பதெல்லாம் தெரிந்த வண்டி அது ஒன்றுதான்.

தெரிந்திருந்தும் அது என்னைப் படுத்திய பாட்டுக்குக் குறைவில்லை. தஞ்சாவூர்க்காரர் சொன்ன ஆறு மாதத்தைத் தாண்டியும் இன்ஜின் தாங்கியது. ஆனால் அதற்குள் கிளட்ச் தட்டு, ரேடியேட்டர் குழாய், செல்ஃப் மோட்டார் எல்லாம் போயின. மழை வந்தபோது பானெட் ஓட்டையின் மெழுகு பெயர்ந்து உள்ளே தண்ணீர் இறங்கியது. பூதலூர் ரயில்வே கேட்டில் நின்றுபோய், பின்னால் இருந்த நெல் லாரிக்காரர்கள் எல்லோரும் இறங்கித் தள்ளினார்கள். ஒவ்வொரு முறையும் மெக்கானிக், "இது சின்ன வேலதான் டீச்சர்" என்றே ஆரம்பிப்பார். சின்ன வேலை என்ற சொல்லைக் கேட்டாலே நான் கைப்பையைத் திறந்து பணத்தை எண்ணத் தொடங்குவேன். இது போதாதென்று, கட்சிக்காரர் வண்டி என்று அடையாளம் தெரிந்தவர்கள் கையைக் காட்டி நிறுத்துவார்கள். முதியோர் பென்ஷனுக்கு சிபாரிசு கேட்டு ஒரு பாட்டி மனுவையே ஜன்னல் வழியாக மடியில் போட்டுவிட்டுப் போனார்.

அப்பாவுக்கு மட்டும் அந்த வண்டி மேல் புகாரே இல்லை. முன் சீட்டைப் பின்னுக்குத் தள்ளிக் காலை நீட்டிக்கொள்வார். நின்றுபோன இடத்திலெல்லாம் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து, யாரென்றே தெரியாதவர்களிடம் தண்ணீர் எப்போது திறப்பார்கள் என்று விசாரிப்பார். நான் கையில் கரியோடு நிற்பேன். "அவசரப்படாத பாப்பா, வாய்தாதான, தள்ளித்தான் வைப்பாங்க" என்பார். அவர் சொன்னபடியே தள்ளித்தான் வைத்தார்கள். அவ்வளவு பாடுபட்டு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்த நாட்களில், வழக்கை விசாரிக்கும் துணை ஆட்சியர் வெளியூர் முகாமில் இருக்கிறார் என்று ஒரு வரியில் அனுப்பிவிடுவார்கள்.

மறுவருஷம் உத்தரவு வந்தது. நெல் பாக்கி என்பது நிரூபிக்கப்படவில்லை, அப்பாவை வெளியேற்ற முடியாது என்று. சின்னவர் மேல்முறையீடு செய்தார். அது இன்னும் நடக்கிறது. அந்த நாவல்பழ நிறக் காரை, பழைய கார்களைச் சேர்க்கும் செட்டிநாட்டுக்காரர் ஒருவர் லாரியில் ஏற்றிக்கொண்டு போனதாகக் கேள்விப்பட்டேன். எங்கள் காரின் இன்ஜினை, உத்தரவு வந்த அதே மாதத்தில்தான் இறக்கினோம். வண்டி வாங்கிய விலையில் பாதி அதற்கே போயிற்று. அந்தக் கணக்கைப் போடும்போதெல்லாம் என் கணவர் எழுந்து வெளியே போய்விடுவார்.

உத்தரவு வந்த வாரம், வயலைப் பார்க்க வேண்டும் என்றார் அப்பா. அந்த வருஷம் தண்ணீர் வந்திருந்தது. ஆள் வைத்து நட்டிருந்த பயிர் பச்சை பிடித்து நின்றது. மதகு வரை காரை ஓட்டிப்போய் நிறுத்தினேன். கைத்தடியை ஊன்றி, என் தோளைப் பிடித்து, அகலமான வரப்பில் அவர் கொஞ்ச தூரம் நடந்தார். குனிந்து ஒரு களையைப் பிடுங்கப் பார்த்தார், முடியவில்லை, நான் பிடுங்கிப் போட்டேன். பிறகு மதகுக் கட்டையில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இருட்டுவதற்குள் போகலாம் என்று நான் சாவியைத் திருப்பினேன். வண்டி ஒரு செருமல் செருமிவிட்டு அடங்கிப்போயிற்று. இன்ஜின் வேலை முடிந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. பானெட்டைத் திறந்து, தெரிந்த வயரையெல்லாம் அசைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு சத்தமாகவே திட்டினேன். ஓர் ஆசிரியை பேசக்கூடிய பேச்சல்ல அது.

கரை ரோட்டில் டிராக்டர் ஒன்று வந்தது. அப்பா உட்கார்ந்த இடத்திலிருந்தே தடியை உயர்த்தி அதை நிறுத்தினார்.

"கயிறு இருக்கா தம்பி? பின்னாடி கட்டாத, முன்னாடி கீழ ஒரு கொக்கி இருக்கு பாரு, அதுல கட்டு. மெதுவா இழு. பாப்பா, நீ கியர நடுவுல போட்டுட்டு ஒக்காரு."

நான் கியரை நடுவில் போட்டுவிட்டு உட்கார்ந்தேன்.